படர்க்கையில் தள்ளப்பட்டவர்கள்

மறதிநோய் உள்ள முதியவர் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துப்போனால் அங்கே என்ன பேசப்படும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். "ராத்திரி தூங்குறாரா?" "மோஷன் சரியா போறாரா?" "ஆளை அடையாளம் தெரியுதா?" கேள்விகள் மகனைப் பார்த்தோ மருமகளைப் பார்த்தோ கேட்கப்படுகின்றன, பதிலும் அங்கிருந்தே வருகிறது. யாருக்காகச் சீட்டு போட்டார்களோ அவர் நடுவில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் முகத்தை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளியில் மூவிடம் படித்தோமே, அந்தக் கணக்கில் அவர் முன்னிலையிலிருந்து படர்க்கைக்குத் தள்ளப்பட்டுவிட்டார். ஆள் எதிரிலேயே இருக்கிறார். ஆனால் 'நீங்கள்' போய் 'அவர்' ஆகிவிட்டார். நோய் முற்ற முற்ற இன்னும் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. "பாட்டி சாப்பிட்டுச்சா?", "தாத்தா தூங்கிடுச்சா?" என்று வார்டில் அஃறிணை விகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. இதை ஒரேயடியாகக் குறை சொல்லிவிடவும் முடியாது. "அம்மா வந்துச்சு" என்பது தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் பாசத்தோடு சொல்லப்படுவது. ஆனால் பெற்ற மகள் வீட்டில் சொல்லும் 'வந்துச்சு'வும், முன்பின் தெரியாத ஊழியர் கட்டிலருகே நின்று கேட்கும் 'சாப்பிட்டுச்சா'வும் படுத்திருப்பவர் காதில் ஒரே மாதிரி விழுவதில்லை.

இதையெல்லாம் மரியாதைக் குறைவு என்ற தலைப்பில் போட்டு, 'கொஞ்சம் அன்பாகப் பேசுங்கள்' என்ற அறிவுரையோடு முடித்துவிடுவதுதான் நாம் இதுவரை செய்துவந்தது. என் வாதம் அதுவல்ல. மறதிநோயைப் பொறுத்தவரை பேச்சே ஒரு மருத்துவக் கருவி. அதைப் பழுதாக்கிவிட்டு மற்ற சிகிச்சையைச் சரியாகச் செய்ய முடியாது. அல்சைமர் போன்ற நோய்களில் இழந்த நினைவைத் திருப்பித் தரும் மாத்திரை இல்லை. இருக்கும் மாத்திரைகள் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும், அவ்வளவே. எஞ்சிய ஆண்டுகளில் அந்த மனிதர் எப்படி வாழப்போகிறார் என்பது அவரும், அவரைப் பார்த்துக்கொள்பவரும், மருத்துவ ஊழியரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு சரியாகச் செய்தி சொல்லிக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இது ஒருசில வீடுகளின் சங்கதியும் இல்லை. இந்திய முதியோர் பற்றிய நீண்டகால ஆய்வின் ஓர் அங்கமாக நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. தலைக்கணக்கில் சுமார் 88 லட்சம் பேர்.

வலியை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்டவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. நினைவு தெளிவாக இருந்த நோயாளிகளுக்குத் தரப்பட்ட மார்ஃபினில் மூன்றில் ஒரு பங்குதான் முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஒரே எலும்பு, ஒரே முறிவு. வலி குறைந்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. வலிக்கிறது என்று கேட்டு வாங்கும் திறன்தான் குறைந்திருந்தது. 2011இல் நார்வேயிலிருந்து இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஆய்வு வந்தது. 18 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கத்தல், முரண்டு, அடிக்க வருதல் என்று 'தொல்லை' கொடுத்துவந்த 352 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் படிப்படியாக வலிக்கான சிகிச்சை தந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெற்றது சாதாரண பாரசிட்டமால். அந்தக் குழுவில் முரண்டு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அதாவது, நாம் 'நோய் முத்திப்போச்சு' என்று எழுதிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு, யாரும் காதுகொடுக்காத மூட்டுவலியும் பல்வலியும். வார்த்தை தப்பிய மனிதர் உடம்பால் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் வியாதியின் குணமாகப் படித்துவிட்டோம்.

வார்த்தை இருக்கும்போதும் சிக்கல் உண்டு. தமிழில் வலி ஒரே சொல்லில் அடங்குவதில்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு. நரம்பின் எரிச்சல் வேறு, எலும்பின் குடைச்சல் வேறு. யாழ்ப்பாணத்து மூதாட்டி 'உளையுது' என்பார். வட தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'நோவுது' என்பார்கள். நோய் முன்னேறும்போது பின்னால் வந்த சொற்கள் முதலில் உதிர்ந்து, சிறுவயதில் புழங்கிய சொற்கள் கடைசிவரை தங்குவது பலரிடம் காணப்படுகிறது. 'வலி இருக்கா பாட்டி?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தலையாட்டியவர், 'எங்கேயாச்சும் நோவுதா?' என்றால் முழங்காலைத் தொட்டுக் காட்டக்கூடும். எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்க வேண்டும் என்பது வீட்டிலிருந்து வந்தவருக்குத் தெரியும். பேச்சே நின்றுபோனவர்களுக்கு மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் வைத்து வலியை அளக்கும் அளவுகோல்கள் உண்டு. செவிலியர்களால் எளிதில் பயன்படுத்த முடியும். ஆனால் இந்த முனகல் புதியதா, பத்து வருடமாகத் தூக்கத்தில் இருப்பதுதானா என்று சொல்ல மறுபடியும் வீட்டார் வேண்டும். நோயாளி காட்டுகிறார், வீட்டார் பொருள் சொல்கிறார், செவிலியர் அளக்கிறார். மூன்றில் ஒரு கண்ணி அறுந்தாலும் தூக்க ஊசிதான் மிஞ்சும்.

எப்படிப் பேசுகிறோம் என்பதற்கும் அளந்து பார்த்த சான்று இருக்கிறது. வயதானவர்களிடம் குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சிப் பேசுவது உலகெங்கும் உள்ள பழக்கம். நம் வார்டுகளில் அது "சமத்தா வாயைத் தொறங்க பாட்டிம்மா", "நாம இப்ப குளிக்கப் போறோமாம்" என்ற வடிவில் இருக்கும். கிறிஸ்டீன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர், பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த மறதிநோயாளிகள் 20 பேருக்கு ஊழியர்கள் அன்றாடப் பணிவிடை செய்வதைக் காணொளியாக எடுத்து நொடிக்கணக்கில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். சாதாரணமாகப் பெரியவர்களிடம் பேசுவதுபோலப் பேசியபோது நோயாளி முரண்டு பிடிக்கும் வாய்ப்பு 0.26. கொஞ்சல் மொழியில் பேசியபோது 0.55, ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொஞ்சியவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் ஐம்பது வருடம் குடும்பத்தை ஆண்ட ஒருத்திக்குத் தன்னை யாரோ குழந்தையாக்குகிறார்கள் என்பது, கிழமை மறந்த பிறகும் தெரிகிறது. தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர் 'தாத்தா' என்ற அழைப்புக்குத் திரும்பாமல் 'சார்' என்றால் திரும்புவார். அறுபத்திரண்டு வயதில் நோய் வந்த பெண்மணியை 'பாட்டி' என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பதில் வியப்பில்லை. நம் உறவுமுறை விளி அழகானதுதான். எதிரில் இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'அவருக்குத்தான் ஒன்றும் புரியாதே, கேட்டு என்ன பயன்?' என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் நம்பிக்கை. அதுதான் சான்றுகளுக்கு முன் நிற்காத நம்பிக்கை. லேசானது முதல் நடுத்தரம் வரையிலான நினைவுக்குறைவு உள்ளவர்களிடம், எதை விரும்புகிறீர்கள், உங்களுக்காக முடிவெடுக்க யாரை நம்புகிறீர்கள் என்பன போன்ற கேள்விகளை அமெரிக்காவில் இரண்டு முறை, இடைவெளி விட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் விருப்பங்கள் இரண்டு முறையும் ஒத்துப்போயின. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகிறவருக்கும் தனக்கு எது பிடிக்கும் என்பது மறந்துவிடுவதில்லை. ஐயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட ஆழமான இடத்தைத் தொட்டது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான திரைப்படத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் படத்தில் என்ன பார்த்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் அது கிளப்பிய துயரமும் களிப்பும் அதன் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தன. காலை ரவுண்ட்ஸில் அதட்டப்பட்டது மறந்துபோகும். நெஞ்சில் ஏறிய கலக்கம் மாலைவரை இருக்கும், காரணம் தெரியாமல். மாலையில் 'சும்மாவே அழறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும்.

இப்போது பார்த்துக்கொள்பவரின் பக்கம். மருத்துவரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்பவர் அவர் என்பதால் அவருடைய குரல் நன்றாகக் கேட்கப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அவர் நோயாளியின் சார்பில் பேச வைக்கப்படுகிறார். தன் சார்பில் பேச அவருக்கும் இடமில்லை. சார்பில் பேசுவதிலும் ஒரு கோணல் உண்டு. மறதிநோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அவரிடமும் குடும்பத்தாரிடமும் தனித்தனியாகக் கேட்ட ஆய்வுகளில், நோயாளி தனக்குத் தரும் மதிப்பெண்ணைவிடக் குடும்பத்தார் தரும் மதிப்பெண் குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. களைத்துப்போன கண்களுக்கு எதிரில் இருப்பவரின் வாழ்க்கையும் களைத்ததாகவே தெரியும் என்பதுதான் அதற்கு ஒரு விளக்கம். இன்னொரு பக்கம், நோயாளியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாதவை இருக்கின்றன. நகையைத் திருடிவிட்டாள் என்று மருமகள்மேல் பழி போடுவது, இரவில் கையை ஓங்குவது, படுக்கையை நனைப்பது. இவற்றைச் சொல்லத் தனி நேரம் தரப்படாததால்தான் நம் மருத்துவமனைகளில் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் சைகையும் கண்ஜாடையும் நடக்கின்றன. அதைப் பார்த்துவிடும் நோயாளிக்கு, தன்னைப் பற்றிச் சதி நடக்கிறது என்ற சந்தேகம் உறுதியாகிறது. மூவரும் சேர்ந்து பேச வேண்டும் என்று நான் சொல்வதில் இதுவும் அடக்கம்: சில நிமிடம் நோயாளியுடன் மட்டும், சில நிமிடம் வீட்டாருடன் மட்டும், பிறகு மூவரும்.

இந்த விஷயத்தில் நமக்குக் கையில் கிடைத்திருக்கும் ஒரு வசதியை நாம் உணரவே இல்லை. இங்கிலாந்தில் நிக்கி ஜெரார்டு, ஜூலியா ஜோன்ஸ் என்ற இரண்டு எழுத்தாளர்கள் 2014இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஜெரார்டின் தந்தை ஜான் மறதிநோயோடு மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்தார். அந்த நாட்களில் குடும்பத்தார் அருகில் இருப்பது மிகவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நடந்துபோனவர் நடையும் பேச்சும் குன்றித் திரும்பினார். மறதிநோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் எந்நேரமும் கூட இருக்க உரிமை வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அங்கே இயக்கம் நடத்திப் பெற வேண்டியிருந்தது இங்கே கட்டாயமாகவே இருக்கிறது: அட்டெண்டர் இல்லாமல் நம் ஊரில் படுக்கையே கிடைக்காது. ஆனால் அந்த அட்டெண்டரை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? மருந்துக்கடைக்கு ஓட, ஸ்ட்ரெச்சர் தள்ள, ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்க, பில் கட்ட. ரவுண்ட்ஸ் வரும்போது 'அட்டெண்டர் எல்லாம் வெளியே போங்க' என்று அனுப்பப்படுவதும் அவர்தான். நாற்பது வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்து, புருவம் எப்போது சுருங்கும் என்று அறிந்த ஒருவர், நோயாளியைப் பற்றிய பேச்சு நடக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் வராந்தாவில் நிற்கிறார். சம்பளமில்லாத ஆளாக அவர் தேவைப்படுகிறார், தகவல் அறிந்தவராகத் தேவைப்படவில்லை.

மருத்துவமனைப் படுக்கையில் இன்னொன்றும் நடக்கிறது. நகையைக் கழற்றும்போது கூடவே மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல்செட் எல்லாம் பையில் போட்டு வீட்டாரிடம் தரப்படுகின்றன. கண் தெரியாமல், காது கேளாமல், பல் இல்லாமல் குழறும் ஒருவரிடம் பிறகு வந்து 'இது எந்த இடம் சொல்லுங்க' என்று கேட்டு, பதில் வராததைக் குழப்பம் என்று குறித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனோயே குழுவினர் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளை வைத்து நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் போட்டுவிடுவது, நாளையும் இடத்தையும் சொல்லிப் பேச்சுக்கொடுப்பது, தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுந்து நடக்க வைப்பது போன்ற எளிய ஏற்பாடுகள்தான் செய்தார்கள். டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்தது. இந்த ஏற்பாட்டில் 9.9 சதவீதம் பேருக்கு. இதில் விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை.

மொழிச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர் மகனிடம் ஆங்கிலத்தில் பேசுவார். செவிலியர் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் வரும். நினைவைச் சோதிக்கும் கேள்வித்தாள்களில் இன்றைய தேதியும் மாதமும் கேட்கப்படும். வாழ்நாள் முழுக்க அமாவாசையையும் ஆடி வெள்ளியையும் வைத்து நாளைக் கணக்கிட்ட ஒருவருக்கு அந்தக் கேள்வியே அந்நியம். பள்ளிக்குப் போகாதவரும் தோற்றுப்போகாத சோதனை முறைகளை உருவாக்க 10/66 என்ற ஆய்வுக் குழு முயன்றது. அதன் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நினைவாற்றலை அளக்க உருவாக்கிய பன்மொழிச் சோதனைத் தொகுப்பு முதலில் வந்தது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. மொழிக்காக அவ்வளவு பேசும் நாம் இதைக் கவனித்து யாரையும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லா மருத்துவர்களும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில் ஸ்வீடனுக்கு 22.5 நிமிடம், இந்தியாவுக்குச் சுமார் இரண்டு நிமிடம், வங்கதேசத்துக்கு 48 நொடி. இரண்டு நிமிடத்தில் மூவர் பேச்சு நடக்காது. புறநோயாளிப் பிரிவில் வரிசை கதவுவரை நிற்கும்போது மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. ஆனால் முதலாவதாக, நான் சொல்வதில் ஒரு பகுதிக்கு நேரமே தேவையில்லை. 'தூங்குறாரா?' என்று கேட்க ஆகும் நொடிதான் 'தூங்கினீங்களா ஐயா?' என்று கேட்கவும் ஆகும். பதில் வராவிட்டால் அடுத்த நொடி மகனைக் கேட்கலாம். வில்லியம்ஸ் பிறகு உருவாக்கிய பேச்சுப் பயிற்சிக்கு மொத்தம் மூன்று மணி நேரம்தான். ஊழியர்களின் கொஞ்சல் மொழியும் நோயாளிகளின் முரண்டும் அதனால் குறைந்தன. இரண்டாவதாக, பேசாமல் மிச்சம்பிடித்த நேரம் வேறு கணக்கில் செலவாகிறது. முரண்டு பிடிக்கும் ஒருவருக்கு ஊசி போட நாலு பேர் வேண்டும். பிடுங்கிய ட்ரிப்ஸை மறுபடி ஏற்ற வேண்டும். கட்டிலில் கையைக் கட்ட வேண்டும். தூக்க மருந்தில் விழுந்து எலும்பு முறிந்தால் இன்னொரு மாதம். மூன்றாவதாக, மருத்துவரே எல்லாம் பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

'கேட்டால் தப்பாகத்தான் சொல்வார்' என்பது அடுத்தது. சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பார், மாத்திரை போட்டாச்சு என்பார். உண்மைதான். அதனால்தான் எதை யாரிடம் கேட்பது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நேற்று நடந்தது என்ன என்பது வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இப்போது எப்படி இருக்கிறது, எது பயமாக இருக்கிறது, யார் கூட இருக்க வேண்டும் என்பவை அவரிடமே கேட்க வேண்டியவை. இவற்றில் அவரைவிட நன்றாக அறிந்த சாட்சி கிடையாது. நீளமான கேள்வியைப் பொறுக்க முடியாதவர் 'இதுவா, அதுவா' என்று காட்டிக் கேட்டால் கை நீட்டுவார். பதிலுக்கு நாலைந்து நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். எண்பது வயதில் 'எங்க அம்மா எங்கே?' என்று கேட்பவருக்கு என்ன சொல்வது என்று வீடுகளில் பெரிய தர்மசங்கடம் உண்டு. செத்து நாற்பது வருஷம் ஆச்சு என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவார். வந்துகொண்டிருக்கிறாள் என்றால் அது பொய். 'அம்மா ஞாபகம் வந்துடுச்சா, அவங்க என்ன சமைப்பாங்க?' என்று அந்த ஏக்கத்தோடு சேர்ந்து நடப்பது மூன்றாவது வழி. இதை யாரும் பிறக்கும்போதே அறிந்திருப்பதில்லை, சொல்லித்தர வேண்டும். லண்டனிலும் எசெக்ஸிலும் 260 குடும்பப் பராமரிப்பாளர்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், உளவியல் பட்டதாரிகள் எட்டு அமர்வுகளில் இதுபோன்றவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பராமரிப்பாளர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

பண்பாட்டின் பேரால் வரும் மறுப்பு கொஞ்சம் கனமானது. நம்மிடம் முடிவு குடும்பத்தினுடையது, தனிமனிதருடையது அல்ல. நோயின் பெயரைச் சொன்னால் அவர் உடைந்துவிடுவார். மேலைநாட்டு வழக்கத்தை இங்கே புகுத்தாதீர்கள் என்பார்கள். குடும்பம் முடிவெடுப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை. அந்தக் குடும்பத்தில் அவரும் ஒருவர் என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றல் குலைவையும் சேர்த்திருக்கிறது. அதன் நான்காவது பிரிவு, மனநலச் சிகிச்சை பற்றிய முடிவைப் பேச்சாலோ முகபாவத்தாலோ சைகையாலோ வேறு எந்த வழியாலோ ஒருவர் தெரிவிக்கலாம் என்கிறது. தகவல் அவருக்குப் புரியும் எளிய மொழியில், தேவைப்பட்டால் படங்களோடு தரப்பட வேண்டும் என்கிறது. அவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிவதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொல்கிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துவைக்கவும், எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழிசெய்கிறது. இதையெல்லாம் செய்யக்கூடிய காலம் நோயின் தொடக்கம். 'சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்' என்று மறைக்கும் குடும்பம் அந்தக் காலத்தைத்தான் கழித்துவிடுகிறது. நம் வீடுகளின் முரண்பாடு ஒன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை: எந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்க அவருக்குப் புத்தி தெளிவில்லை என்போம், பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் அன்று மட்டும் அவர் தெளிவாகத்தான் இருப்பார்.

சரி, யார் செய்வது? கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒரு விடை தந்தது. மருத்துவர்களோ உளவியல் நிபுணர்களோ அல்லாத உள்ளூர் ஆட்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்ன, அவரிடம் எப்படிப் பேசுவது, சிரமமான நடத்தையை எப்படிப் புரிந்துகொள்வது என்று அவர்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பேசினார்கள். பின்னால் நிபுணர்களின் துணை இருந்தது. ஆறு மாதத்தில் பராமரிப்பாளர்களின் மன உளைச்சல் குறைந்தது. தமிழ்நாட்டில் இதற்கான ஆள்கட்டு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வாசலுக்கு வருகிறார்கள். குறைந்த ஊக்கத்தொகைக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அவர்கள் தலையில் இன்னொரு மூட்டையை இலவசமாக ஏற்றச் சொல்லவில்லை. இதற்கென நேரமும் ஊதியமும் ஒதுக்க வேண்டும். 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு கண்ட, 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்ட மாநிலத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல.

மருத்துவமனைக்குள் தொடங்க ஒரு தாள் போதும். பிரிட்டனில் அல்சைமர் சொசைட்டி பல ஆண்டுகளாக இப்படியொரு படிவத்தை அச்சிட்டுத் தருகிறது; மறதிநோயாளி எங்கே சேர்க்கப்பட்டாலும் அவரைப் பற்றிய குறிப்பு கூடவே போகும். நமக்கான தாள் நம் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார். வலியை எந்தச் சொல்லால் சொல்வார். வலது காதா இடது காதா கேட்கும். திருநீறு இல்லாவிட்டால் தவிப்பாரா, தொழுகை நேரத்தில் எழப் பார்ப்பாரா. ஆண் ஊழியர் சேலையைத் தொட்டால் பதறுவாரா. ராத்திரி எத்தனை மணிக்குக் காப்பி கேட்பார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கேஸ் ஷீட்டின் முன்னால் தைத்து, ட்யூட்டி மாறும்போது கைமாற வேண்டும். பகலில் மருமகள், இரவில் ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ் என்று அட்டெண்டர் மாறிக்கொண்டே இருக்கும் இந்தக் காலத்தில் இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதை நிரப்பும்போது வீட்டார் சொல்லச் சொல்ல எழுதிவிட்டுப் போகாமல், ஒவ்வொரு வரியையும் ஒருமுறை அவரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த யோசனையில் ஓட்டை ஒன்று இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். தாளை நிரப்ப வீட்டில் ஆள் வேண்டுமே. பிள்ளைகள் வெளிநாட்டில், துணை இறந்துவிட்டது, அக்கம்பக்கத்தார் புதியவர்கள் என்று தனியாக வாழும் முதியவர்கள் நம் நகரங்களிலும் இன்று கிராமங்களிலும் பெருகிவருகிறார்கள். அப்படி ஒருவர் குழம்பிய நிலையில் 108இல் வந்து இறங்கினால், அவர் ஆசிரியையாக இருந்தவரா, எந்தக் காது கேட்கும், எந்தச் சொல்லுக்குத் திரும்புவார் என்று சொல்ல யாரும் இல்லை. மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்தான் ஒருவேளை அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரே ஆளாக இருக்கலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, "உங்களை எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கான ஊதியம் இன்றைக்கு எந்தக் கணக்கிலும் இல்லை.